வாட்டம்

தளம் போட்டு முடித்த மறுநாள் காலை மேஸ்திரி ஒரு சொம்புத் தண்ணீரோடு மாடிக்கு வருவார். எதுவும் பேசமாட்டார். மேட்டு மூலையில் குந்தி உட்கார்ந்து சொம்பைச் சாய்ப்பார். தண்ணீர் நாலு விரல் அகலத்துக்கு நாக்கை நீட்டி, தட்டோட்டின் மேல் நெளிந்து, எங்கேயும் தயங்காமல் எதிர் மூலைத் துவாரத்தில் போய் விழ வேண்டும். நடுவில் எங்காவது குளம் கட்டி நின்றுவிட்டால் அந்த இடத்தைச் சுற்றிக் கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டுவிட்டு இறங்கிவிடுவார். வட்டம் விழுந்த இடத்தைக் கொத்தி எடுத்து மறுபடி போட வேண்டும்.

1984-இல் ஸ்ரீரங்கம் மங்கம்மா நகரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் இதை முதல்முறை பார்த்த ஓர் இளைஞருக்கு அப்போது வயது 18. இப்போது 59. சித்தாளாகத் தொடங்கி, கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, கடைசிப் பதினைந்து ஆண்டுகள் கட்டட மேற்பார்வையாளராக இருந்து ஓய்ந்தவர். வீடு அடையவளஞ்சான் வீதியில். மேசை இழுப்பறையில் தூக்குக்குண்டு, மூலைமட்டம், ரசமட்டம் மூன்றையும் துணி சுற்றி வைத்திருக்கிறார். அவற்றோடு ஓர் எண்பது பக்க நோட்டும் இருக்கிறது. முதல் பக்கத்தில் தேதி 30.12.2021. அதன் கீழே ஒரே வரி: ‘பஞ்சப்பூர். வாட்டம் எந்தப் பக்கம்?’

கட்டட வேலைக்காரர்கள் பேச்சில் சரிவுக்குப் பெயர் வாட்டம். குளியலறைக்கு வாட்டம், மாடிக்கு வாட்டம், சாக்கடைக்கு வாட்டம். மொட்டைமாடி என்றால் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இறங்க வேண்டும் என்பது மேஸ்திரி சொல்லிக்கொடுத்த கணக்கு. ஊர்ப்பேச்சில் இதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அரிவாள்மனை கைக்கு வாட்டமாக இருக்கிறது என்பார்கள். கடை போக வர வாட்டமாக இருக்கிறது என்பார்கள். தண்ணீர் தானாக ஓடுகிற சரிவுக்கும் மனிதருக்கு ஒத்துவருகிற வசதிக்கும் ஒரே சொல். நாற்பது வருட வேலையில் தான் கற்றது முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும் என்கிறார் அவர்.

அவர் நோட்டில் எழுதத் தொடங்கிய அன்றுதான் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திருச்சிக்கு வந்து, மதுரை சாலையில் பஞ்சப்பூரில் அமையவிருந்த ஒருங்கிணைந்த பேருந்து முனையத்துக்கு அடிக்கல் நாட்டினார். புதுப்பித்துக் கட்டிய சத்திரம் பேருந்து நிலையத்தையும் அதே நாளில் திறந்துவைத்தார். பஞ்சப்பூரில் வரப்போவது பேருந்து நிலையம் மட்டுமில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. பேருந்துக்கு 40 ஏக்கர். பக்கத்தில் 38 ஏக்கரில் சரக்கு லாரிகளுக்கு ஒரு முனையம். 22 ஏக்கரில் காய்கனி மார்க்கெட். பின்னால் டைடல் பூங்காவும் சேர்ந்துகொண்டது. திருச்சியின் தெற்கு எல்லையில் ஒரு புது ஊரே எழப்போகிறது என்று நோட்டு எழுதியவருக்குத் தோன்றியது. அங்கே அவருக்கு எந்த வேலையும் இல்லை. ஆனாலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றரை ஆண்டுகள் போனார்.

மொட்டைக் கோபுரத்தின் அடியில்

ஒரு கட்டடம் எழும்புவதை இப்படிப் பின்தொடர்வது அவருக்குச் சிறுவயதுப் பழக்கம். ஸ்ரீரங்கத்தில் தெற்கே ராயர் காலத்துக் கோபுரம் ஒன்று, ஏறத்தாழ நானூறு ஆண்டுகள், அடித்தளத்தோடு 55 அடி உயரத்தில் நின்றுபோயிருந்தது. ஊரார் அதை மொட்டைக் கோபுரம் என்றே அழைத்தார்கள். 1979-இல் அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் முன்னின்று அதன் மேல் வேலையைத் தொடங்கினார். அப்போது இவருக்கு 13 வயது. பள்ளி விட்டு வரும்போது நின்று பார்ப்பது வழக்கமானது. மாதத்துக்கு எத்தனை வரிசை ஏறியது என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள். 1985-இல் சில மாதங்கள் அதே சாரத்தில் சித்தாளாக ஏறிக் கலவைச் சட்டி சுமந்தார். 1987 மார்ச் 25-இல் சம்ப்ரோட்சணம் நடந்தபோது 13 நிலை, 236 அடி உயர ராஜகோபுரமாக அது நின்றது. கூட்டத்தில் அண்ணாந்து பார்த்து, தான் சட்டி தூக்கிய நிலையை விரலால் எண்ணியது இன்னும் நினைவிருக்கிறது.

சாரத்தின் மேலிருந்து அவர் வேறொன்றையும் பார்த்தார். ஊர் முழுவதும் கீழே ஒரு வரைபடம்போல் விரிந்து கிடந்தது. ஏழு சுற்று மதில்கள், 156 ஏக்கர். உள்ளே கோயில், வெளிச்சுற்றுகளில் வீடு, பலசரக்குக் கடை, பள்ளிக்கூடம், மாட்டுத் தொழுவம், மண்டபம், பூக்கடை. இன்று திட்ட வரைபடங்களில் ‘கலப்புப் பயன்பாடு’ என்று வண்ணம் தீட்டிக் காட்டுகிறார்களே, அதை அவர் பதினெட்டு பத்தொன்பது வயதில் கோபுரத்தின் மேலிருந்து பார்த்திருக்கிறார். தை மாதத் தேர் உத்திர வீதிகளில் ஓடும். சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் ஓடும். தேர் போகிற வீதிக்குத் தேர் போகிற அகலம் இருக்கிறது. மூலையில் தேர் திரும்ப இடம் இருக்கிறது. ஆண்டில் எப்போதாவது அந்த வழியே தேர் வரும். மற்ற நாட்களில் அதே அகலத்தில் தள்ளுவண்டியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் புளி காயவைக்கிற பாட்டிகளும்.

“தேருக்கு இடம் விட்டவன் எல்லாத்துக்கும் இடம் விட்டுட்டான் பாத்தியா” என்று மேஸ்திரி ஒருநாள் சாரத்தில் உட்கார்ந்து பீடி புகைத்தபடி சொன்னார். பஞ்சப்பூரில் அளவுகோல் பேருந்து. பேருந்து திரும்ப எத்தனை அடி, நிற்க எத்தனை அடி, பின்னால் எடுக்க எத்தனை அடி. இதையெல்லாம் பார்க்கும்போது மேஸ்திரியின் குரல்தான் காதில் கேட்டது என்கிறார்.

ஆறு பக்கத்தில் இருக்கிறது

முதல் சில மாதங்கள் பஞ்சப்பூரில் பார்க்க ஒன்றுமில்லை என்றே வழிப்போக்கர்களுக்குத் தோன்றியிருக்கும். லாரிகள் மண் கொட்டின, உருளைகள் ஓடின, மறுபடி மண் கொட்டின. அவருடைய நோட்டிலோ அந்த மாதங்களுக்குத்தான் பக்கங்கள் அதிகம்.

காரணம் கோரையாறு. தெற்கே மேட்டு நிலங்களின் மழைத்தண்ணீரைச் சுமந்து பஞ்சப்பூரை ஒட்டி வந்து, எடமலைப்பட்டி புதூர், கருமண்டபம் வழியாக நகருக்குள் இறங்குகிற காட்டாறு அது. ஆண்டில் பெரும்பகுதி நாணலும் முள்ளுமாகக் கிடக்கும். 2005 நவம்பரில் அது எப்படி வந்தது என்பதைத் திருச்சிக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. காவிரியும் கொள்ளிடமும் கரை முட்டி ஓடிய அதே நாட்களில் கோரையாறும் குடமுருட்டியும் ஊருக்குள் புகுந்தன. அப்போது இவர் கருமண்டபம் பக்கம் ஒரு வீட்டு வேலையில் இருந்தார். கடைக்கால் எழுப்பி விட்டிருந்தார்கள். தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தால், அடுக்கியிருந்த செங்கல் அத்தனையும் இரண்டு தெரு தள்ளி ஒரு வேலியில் சாய்ந்திருந்தது.

நகரத்தின் கழிவுநீர் வந்து சேர்ந்து சுத்தமாகும் இடமும் பஞ்சப்பூரில்தான் இருக்கிறது. ஆற்றை ஒட்டிய அப்படிப்பட்ட இடம் தாழ்வாகத்தான் இருக்கும் என்பது கொத்தனாருக்குத் தெரியும். ஆகவே முதல் பக்கத்துக் கேள்வி அவருக்கு உண்மையான கவலையாகவே இருந்தது. 40 ஏக்கர் நிலம் கான்கிரீட்டால் மூடப்போகிறது. அதுவரை மண் குடித்துக்கொண்டிருந்த மழை முழுவதும் இனி மேலே ஓடியாக வேண்டும். ஓர் அங்குலம் மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர். நாற்பது ஏக்கருக்கு நாற்பது லட்சம் லிட்டர். அது எந்தப் பக்கம் போகும், எந்த வாய்க்காலில் இறங்கும், ஆறே நிறைந்து ஓடும் நாளில் என்ன செய்யும்?

எனவே மண் கொட்டுகிறவர்களைக் கவனித்தார். ஒவ்வோர் அடுக்காகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, மட்டம் பார்த்து, பிறகு அடுத்த அடுக்கு. அவசரப்பட்டு ஒரே மூச்சில் கொட்டினால் மண் பின்னால் அமுங்கும். மேலே போட்ட தளம் குழிவிழும். குழியில் தண்ணீர் நிற்கும். அந்தக் காலத்தில் மட்டம் பார்க்க ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு பேர் இரண்டு மூலையில் பிடித்து நிற்பார்கள். டியூப் லெவல் என்று பெயர். தண்ணீர் பொய் சொல்லாது என்பதால் அதைவிட நம்பகமான கருவி கிடையாது. பஞ்சப்பூரில் மூன்றுகால் தாங்கியில் வைத்த கருவியோடு இளம் பொறியாளர்கள் நின்றார்கள். டீக்கடையில் ஒரு பையனிடம் கேட்டார், “தம்பி, தண்ணி எந்தப் பக்கம் இறங்குது?” பையன் கொஞ்சமும் யோசிக்காமல் கையை நீட்டிக் காட்டினான். அன்றைய பக்கத்தில் ‘பையனுக்குத் தெரிந்திருக்கிறது’ என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார்.

பாலம் மூடிய மாதங்கள்

2022 நவம்பரில் காவிரிப் பாலம் மராமத்துக்காக மூடப்பட்டது. 1976-இல் கட்டிய பாலம். மாம்பழச் சாலையையும் சத்திரத்தையும் இணைக்கும் நாடி. 2023 மார்ச்சில் திறக்கும்வரை ஸ்ரீரங்கத்துக்காரர்கள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. இவரும் சென்னை நெடுஞ்சாலைக்குப் போய், சஞ்சீவி நகர், பால்பண்ணை, ஜி கார்னர் வழியாகச் சுற்றிப் பஞ்சப்பூர் போனார். போகப்போகத்தான் ஒன்று புரிந்தது. அந்த வழியில் நகரத்துக்குள்ளேயே நுழைய வேண்டியதில்லை. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற பேருந்து இத்தனை வருடம் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கன்டோன்மென்ட் நெரிசலுக்குள் புகுந்து, மத்தியப் பேருந்து நிலையத்தில் நின்று, மறுபடி வெளியேறிக்கொண்டிருந்தது. அந்தப் பேருந்துக்குப் பஞ்சப்பூர் வாட்டமான இடம்.

ஆனால் பேருந்துக்கு வாட்டமான இடம் பேருந்தில் வருகிறவருக்கும் வாட்டமாக இருக்க வேண்டுமே. மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கினால் எதிரே ஓட்டல், கூப்பிடு தூரத்தில் ரயில் ஜங்ஷன், கை காட்டினால் ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் பஸ். நள்ளிரவிலும் டீ கிடைக்கும். இதெல்லாம் யாரும் வரைபடம் போட்டு அமைத்ததில்லை. கால்கள் போன பக்கம் கடைகள் முளைத்தன. பஞ்சப்பூரில் எல்லாவற்றையும் முன்கூட்டியே வரைந்து வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் தன் வாழ்க்கையின் ஒரு தவறை அவர் மறைக்காமல் சொல்கிறார். 1998-இல் ஒரு திருமண மண்டபத்தின் சமையற்கூடத் தளம் அவர் பொறுப்பு. வாட்டம் சரியாகவே விட்டார். சொம்புத் தண்ணீர் சோதனையும் செய்தார். தண்ணீர் துவாரத்தில் போய் விழுந்தது. முதல் கல்யாணத்தன்று ஆயிரம் பேர் பந்தி. பெரிய அண்டாக்களைக் கழுவுகிற பெண்கள் துவாரம் இருந்த மூலைக்குப் போகவில்லை. அடுப்பும் தொட்டியும் எதிர்ப்பக்கம் இருந்ததால் அங்கேயே கழுவினார்கள். சொம்பு அளவுக்குப் போட்ட வாட்டம் அண்டா அளவுத் தண்ணீரைத் தாங்கவில்லை. எண்ணெயும் சாம்பாரும் கலந்த தண்ணீர் வாசற்படி தாண்டிப் பந்திக்கூடத்துக்குள் வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ஒருவர் வழுக்கி விழுந்தார், கை முறிந்தது. மறுவாரம் தளத்தை உடைத்து, தொட்டி இருந்த பக்கமே புதுத் துவாரம் வைத்து, தன் செலவில் போட்டுக் கொடுத்தார். பதினொரு நாள் வேலை. விழுந்தவர் வீட்டுக்கு மூன்று மாதம் போய்வந்தார்.

“தண்ணி எங்க போகும்னு பாத்தேன். பொம்பளைங்க எங்க நின்னு கழுவுவாங்கன்னு பாக்கல” என்கிறார். இருபத்தேழு வருடம் ஆகியும் அதைச் சொல்லும்போது குரல் இறங்குகிறது.

வெயிலில் ஈரச் சாக்கு

2023, 2024 கோடைகள். திருச்சியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் மாதங்களில் கான்கிரீட் போடுவது தனி வித்தை. கலவை லாரியில் வரும் வழியிலேயே சூடாகிவிடும். போட்டு முடிப்பதற்குள் மேற்பரப்பு உலர்ந்து நூல் நூலாகப் பிளக்கும். அதனால் விடியலுக்கு முன்போ இரவிலோ போடுவார்கள். ஒருமுறை வெளிச்சம் வருவதற்கு முன்பே போய் நின்றார். விளக்குகளின் கீழே கம்பி வலையின் மேல் கலவை விழ, அதிர்வுக் கருவியின் உறுமலுக்கு நடுவே பத்துப் பதினைந்து பேர் முழங்கால்வரை சிமெண்டோடு நகர்ந்துகொண்டிருந்தார்கள். பேச்சு இந்தியிலும் வங்காள மொழியிலும் கேட்டது. தமிழ்ச் சொற்கள் இரண்டே இரண்டு நடுவில் வந்தன: ‘மட்டம்’, ‘தண்ணி’.

அவருக்கு அதைவிடப் பிடித்த காட்சி அதற்கு மறுநாள் வருவது. போட்ட தளத்தின் மேல் வயலுக்கு வரப்புக் கட்டுவதுபோல் சின்னச் சின்னப் பாத்திகள் கட்டி, அவற்றில் தண்ணீர் தேக்கி வைப்பார்கள். தூண்களுக்கு ஈரச் சாக்கு சுற்றுவார்கள். குறைந்தது ஏழு நாள். சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் பத்து நாளுக்கும் மேல். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது தண்ணீரைக் குடித்துத்தான் கெட்டியாகிறது. வெயிலில் விட்டுவிட்டால் பார்வைக்கு உறுதியாக இருக்கும், உள்ளே பலம் இருக்காது. கலவை போடும் நாளில் எல்லோரும் இருப்பார்கள். தண்ணீர் விடும் பத்து நாளும் ஒரு கிழவனாரும் ஒரு ரப்பர் குழாயும்தான் இருக்கும். கட்டடத்தின் ஆயுள் அந்தக் கிழவனார் கையில் இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்புகிறார். தன் வேலைத்தளங்களில் தண்ணீர் விடுகிறவருக்குக் கொத்தனாருக்கு நிகரான மதியச் சாப்பாடு போடுவதை வழக்கமாக வைத்திருந்தார்.

இன்னொரு மாற்றமும் நோட்டில் இருக்கிறது. கோபுரத்தில் அவர் சுமந்த சட்டியில் ஆற்றுமணல் இருந்தது. கையில் அள்ளினால் சரசரவென்று விரலிடுக்கில் இறங்கும். இப்போது எங்கே பார்த்தாலும் பாறையை உடைத்த எம்-சாண்ட். கைக்கு உறுத்தும். முதலில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் 1928-ஆம் வருடத்துப் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சாய்ந்ததைக் கரையில் நின்று பார்த்தார். ஆற்றின் அடிமணல் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பது அன்று கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பிறகு எம்-சாண்டைப் பற்றி அவர் குறை சொன்னதில்லை.

பாட்டியும் நகரும் படியும்

2025 மே 9-இல் முதலமைச்சர் முனையத்தைத் திறந்துவைத்தார். கலைஞர் மு.கருணாநிதி பெயர் சூட்டப்பட்டது, செலவு ரூ.408 கோடி, ஒரே நேரத்தில் 401 பேருந்துகள் நிற்கலாம். ஜூலை 16 முதல் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவருடைய கணக்கில் அன்றுதான் சொம்புத் தண்ணீர் சோதனை. இங்கே சொம்பிலிருந்து சாய்வது ஜனம்.

விடியற்காலையில் போய் ஒரு தூணோரம் நின்றார். வெளியூர்ப் பேருந்துகள் தரைத்தளத்தில். நகரப் பேருந்துகள் மேல்தளத்தில். இரண்டும் ஒன்றோடொன்று முட்டாமலிருக்க இது நல்ல ஏற்பாடு. நகரப் பேருந்து சாய்தளத்தில் ஏறி மேலே போகிறது. மனிதர் எப்படிப் போகிறார் என்பதைப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. வேலைக்குப் போகிற பிள்ளைகள் பலகையைப் படித்துவிட்டு நேராகப் போனார்கள். பெட்டியோடு குடும்பமாக வந்தவர்கள் நாலு அடி வைத்து நின்றார்கள்; யாரிடமாவது கேட்டார்கள்; பிறகு போனார்கள். நிற்கிற அந்த இடங்களை நோட்டில் வட்டமிட்டுக்கொண்டார், மேஸ்திரி கரித்துண்டால் போட்டதுபோல.

விராலிமலைப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய ஒரு பாட்டி, இடுப்பில் துணிமூட்டையோடு அவரிடமே வந்தார்.

“தம்பி, ரங்கத்துக்கு வண்டி எங்கப்பா நிக்குது?”

“மேல ஏறணும் பாட்டி.”

“மேலயா? பஸ்ஸு மேல எப்படிப்பா போகும்?”

நகரும் படிக்கட்டின் முன்னால் பாட்டி நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கினார், படி நகர்ந்தது, காலைப் பின்னுக்கு வைத்துக்கொண்டார். பின்னால் இளைஞர்கள் விலகி ஏறிப்போனார்கள். “இதுல நான் வரல சாமி” என்று தரையிலேயே உட்காரப் போனார். அவர் மூட்டையை வாங்கிக்கொண்டு மின்தூக்கிக்கு அழைத்துப் போனார். கதவு மூடும்போது பாட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மேலே திறந்ததும் எதிரே பேருந்துகள் நிற்பதைப் பார்த்து, “அட, மெய்தான்” என்றார். அம்மா மண்டபத்தில் முழுக்குப் போட்டுவிட்டு ரங்கநாதரைப் பார்க்க மாதாமாதம் வருகிறவராம். மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி இத்தனை வருடமாக யாரையும் வழி கேட்டதில்லையாம்.

அடுத்த மாதம் அதே நேரத்துக்குப் போய் நின்று பார்த்தார். நிற்கிறவர்கள் குறைந்திருந்தார்கள். ஜனங்கள் பழகுகிற வேகம் அவரை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. ஆனாலும் பழகிக்கொள்ளும் பொறுப்பை முழுக்க ஜனங்கள் தலையில் போடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். சென்னையில் 88 ஏக்கரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தபோது, எதிரே ரயில் ஓடியது, நிற்க நிலையம் இருக்கவில்லை. பயணிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாநகரப் பேருந்துக்குக் காத்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பஞ்சப்பூர் நோட்டில் அன்றைக்கும் ஒரு வரி இருக்கிறது: ‘பெரிய வாசல் வைத்தாயிற்று. வாசலுக்கு வருகிற வழி?’

மூட்டை எத்தனை படி ஏறும்?

இப்போது நோட்டில் பாக்கியிருக்கிற பக்கங்களை அவர் காய்கனி மார்க்கெட்டுக்காக வைத்திருக்கிறார். பேருந்து இடம் மாறுவதும் சந்தை இடம் மாறுவதும் ஒன்றில்லை. சாலையும் அனுமதியும் மாறினால் பேருந்து அந்தப் பக்கம் போய்விடும். சந்தை ஆயிரம் பேரின் கடனும் கணக்கும் பழக்கமும் சேர்ந்து ஒரே இடத்தில் வேர் பிடித்தது. சென்னையில் கொத்தவால்சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கே வேர் பிடித்தது. திருச்சியில் கள்ளிக்குடியில் ரூ.77 கோடியில் கட்டிய மத்தியச் சந்தை 2017-இல் திறந்தது. நகருக்குள் இருக்கும் பழைய காய்கனிச் சந்தையான காந்தி மார்க்கெட்டின் வியாபாரிகள் அங்கே போகவில்லை. ஊரிலிருந்து தூரம், கடை சிறிது என்றார்கள். கள்ளிக்குடிக்கும் அவர் போய்ப் பார்த்திருக்கிறார். கட்டடத்தில் அவர் கண்ணுக்கு ஒரு பழுதும் தெரியவில்லை. மட்டம் சரி, பூச்சு சரி. கடைகள் வரிசையாகப் பூட்டிக் கிடந்தன. ஒரு கொத்தனாருக்கு அதைப் பார்ப்பது, சமைத்து வைத்த சோறு அப்படியே ஆறிப்போவதைப் பார்ப்பதுபோல.

அதனால் ஆவணியில் ஓர் இரவு மூன்று மணிக்குக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனார். ஒட்டன்சத்திரத்து லாரியிலிருந்து ஒரு சுமைத் தொழிலாளி தக்காளிப் பெட்டியைத் தலையில் ஏற்றிய கணத்திலிருந்து கடையில் இறக்கிய கணம்வரை பின்னாலேயே நடந்து எண்ணினார். 112 எட்டு. படி ஒன்றும் இல்லை. ஒரு சாக்கடைப் பலகை மட்டும் தாண்ட வேண்டியிருந்தது. இரண்டாவது ஆள் 97 எட்டு. மூன்றாவது ஆள் வழியில் ஒரு மாட்டுக்கு ஒதுங்கியதால் 120. கறிவேப்பிலை, கொத்தமல்லிக் கட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னண்ணே, யாரைத் தேடுறீங்க?”

பஞ்சப்பூரில் மார்க்கெட் வரப்போவதைப் பற்றிக் கேட்டார். அந்த அம்மா கட்டை உதறித் தண்ணீர் தெளித்தபடி சொன்னார்: “வரட்டும். நல்லதுதான். இங்க மழை பேஞ்சா முழங்கால் சேறு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க தெருவுலருந்து அங்க எனக்கு பஸ்ஸு இருக்குமா? தலையில மூட்டையோட எத்தனை படி ஏறணும்? இத மட்டும் யாராச்சும் கேட்டுச் சொல்லுங்க.”

ஐப்பசி மழை பிடித்த பிறகு, குடையோடு மறுபடி பஞ்சப்பூர் போனார். நல்ல மழை. பேருந்துகள் நிற்கும் முற்றத்தின் ஓரத்தில் கூரைக்கடியில் நின்று, தண்ணீர் கான்கிரீட்டின் மேல் நாக்கை நீட்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிஸ்கட் உறை மிதந்து வந்தது. அதையே கண்ணால் பின்தொடர்ந்தார். சற்றே வளைந்து, ஒரு டயரைச் சுற்றிக்கொண்டு, கம்பிச் சட்டத்தின் மேல் போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் அதன் அடியில் இறங்கியது. காவலுக்கு நின்ற பையன், “என்ன சார், எதாச்சும் விழுந்துடுச்சா?” என்றான். இல்லை என்று தலையாட்டிவிட்டு, குனிந்து அந்த உறையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். எதிரே மழைத்திரைக்குப் பின்னால் மார்க்கெட் வரவிருக்கும் நிலம் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தார். காந்தி மார்க்கெட்டில் எண்ணியதை ஒரு பக்கத்தில் பத்தியாக எழுதியிருக்கிறார்: 112, 97, 120. கீழே ‘படி: இல்லை. பலகை: 1. ராத்திரி 2 மணி பஸ்:’ என்று ஒரு வரி. எதிர்ப்பக்கத்தில் அதே தலைப்புகளை எழுதி, மேலே ‘பஞ்சப்பூர்’ என்று போட்டு, எண்களுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்.